சிபாப் மாஸ்க் சைஸ், ஃபிட்டிங்: என்கிட்ட திரும்பத் திரும்பக் கேட்கற கேள்விகள்

நான் டாக்டரும் இல்ல, டீலரும் இல்ல. சேலம் செவ்வாய்பேட்டைல சின்னதா வெள்ளிக் கொலுசுப் பட்டறை வச்சிருக்கேன், ஏழு வருஷமா ராத்திரி சிபாப் மெஷின் (தூக்கத்துல மூச்சு நிக்காம இருக்க மாஸ்க் வழியா காத்து ஊதற மெஷின்) போட்டுத்தான் தூங்கறேன். ஆரம்பத்துல பட்ட பாட்டை பட்டறைக்கு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் புலம்பித் தள்ளினதுல, இப்ப நம்ம பக்கம் யாருக்கு ஸ்லீப் ஸ்டடி பண்ணி மெஷின் எழுதிக் கொடுத்தாலும் "அந்தக் கொலுசுக்காரரைக் கேளு"ன்னு நம்பர் கொடுத்துடறாங்க. பாதிக்கு மேல ஒரே கேள்விதான் வருது, அதான் மொத்தமா எழுதி வச்சிட்டேன். பிரஷர் எவ்ளோ வைக்கணும், யாருக்கு மெஷின் வேணும் வேணாம், அதெல்லாம் டாக்டர் பாத்துக்குவார், நான் உள்ள வரல. இது மாஸ்க் பத்தி மட்டும்.

அண்ணா, மெஷின்தான முக்கியம்? மாஸ்க்குக்கு ஏன் இவ்ளோ அலட்டிக்கறீங்க?

தூங்கறப்ப தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு போற வழிய அடைச்சுக்குது, அதான் குறட்டை, நடுவுல மூச்சே நின்னு திக்குன்னு முழிக்கறது எல்லாம். மெஷின் ஒரே அழுத்தத்துல காத்தை உள்ள தள்ளி அந்த வழி மூடாம வச்சிருக்கும். மெஷின் 4-லருந்து 20 சென்டிமீட்டர் தண்ணி அழுத்தம் வரைக்கும் கொடுக்கும், உங்களுக்கு எவ்ளோன்னு டாக்டர் எழுதியிருப்பார். அந்த அழுத்தம் உங்க தொண்டை வரைக்கும் போய்ச் சேரணும்னா நடுவுல எங்கயும் ஒழுகக் கூடாது. பஞ்சரான டியூபுக்கு எவ்ளோ நல்ல பம்பு வச்சு அடிச்சாலும் என்ன பிரயோஜனம்.

எனக்குத் தெரிஞ்சு மெஷினை அட்டைப் பெட்டில போட்டு பரண்ல ஏத்தினவங்கள்ல முக்காவாசிப் பேரு மாஸ்க் ஒத்துவராமதான் விட்டாங்க. மெஷின் ரிப்பேர்னு விட்டவங்க ஒருத்தரோ ரெண்டு பேரோதான்.

கடைல மீடியம்தான் எல்லாருக்கும் செட் ஆகும்னு கொடுத்தாங்க. சரிதானா?

எனக்கும் அதேதான் சொன்னாங்க. கடை பேரு வேண்டாம், பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு மூக்கு வாய் ரெண்டையும் மூடற மீடியம் மாஸ்க்கை மாட்டி, பின்னாடி பட்டைய இழுத்து "பாருங்க, கச்சிதம்"னு அனுப்பிட்டாங்க. மூணு வாரத்துல மூக்குத் தண்டு மேல ஒரு ரூபா காசு அளவுக்கு சிவந்து தோல் உரிஞ்சு போச்சு. அப்புறம் அளந்து பாத்தா எனக்கு வேண்டியது ஸ்மால். ஆளு தொண்ணூறு கிலோ, ஆனா மூக்கும் தாடையும் சின்னது. உடம்பு சைஸுக்கும் மாஸ்க் சைஸுக்கும் சம்பந்தமே இல்லங்க, சட்டை மாதிரி நெனைக்காதீங்க.

இன்னொண்ணு, ஒரு கம்பெனி மீடியமும் இன்னொரு கம்பெனி மீடியமும் ஒண்ணு கிடையாது. ஒரே கம்பெனியிலயே மாடலுக்கு மாடல் மாறும். "எனக்கு மீடியம்"னு மனப்பாடம் பண்ணி வச்சுக்கிட்டு ஆன்லைன்ல வேற மாடல் ஆர்டர் போட்டுட்டு வந்து அழறவங்க நிறைய. இந்த சிபாப்பை 1980-ல சிட்னில கண்டுபிடிச்ச டாக்டர் காலின் சல்லிவன், ஆரம்பத்துல ஒவ்வொரு பேஷண்டோட மூக்குக்கும் மாவுக்கட்டு மாதிரி அச்சு எடுத்து அவங்கவங்களுக்குன்னே மாஸ்க் செஞ்சார், அதை தினம் ராத்திரி சிலிக்கான் பசை போட்டு முகத்துல ஒட்டித்தான் தூங்கணும். அந்தப் பசைய நெனச்சா நம்ம பட்டை எவ்வளவோ மேல், ஆனா அன்னைக்கு ஆளுக்கு ஒரு அச்சு, இன்னைக்கு உலகத்துக்கே சேத்து மூணு நாலு சைஸ். அதனால தேடிப் பிடிக்கற வேலை நம்ம தலைல வந்துடுச்சு.

எத்தனை வகை இருக்கு? எது நல்லது?

மூணு. மூக்குத் துவாரத்துல மட்டும் வந்து உக்கார்ற குட்டிக் குமிழ், அதுக்கு நேசல் பில்லோ. மூக்கை மட்டும் மூடறது நேசல் மாஸ்க். மூக்கும் வாயும் சேத்து மூடறது ஃபுல் ஃபேஸ். ஃபுல் ஃபேஸ்லயே மூக்குத் தண்டைத் தொடாம மூக்குக்கு அடியில வந்து நிக்கற புது மாடலும் உண்டு.

எது நல்லதுன்னு கேட்டா, மூக்கு அடைப்பு இல்லாதவங்க மூக்கு மாஸ்க்லயே ஆரம்பிக்கறது உத்தமம்னு நான் சொல்வேன். முகத்துல பரப்பு கம்மியா தொட்டா ஒழுகற இடமும் கம்மி. ஃபுல் ஃபேஸ் பட்டை கீழ்த்தாடைய பின்னாடி தள்ளும், அதனால சிலபேருக்கு அழுத்தமே கூடுதலா வேண்டியிருக்கும். ஆனா நம்ம ஊர்ல முதல்லயே ஃபுல் ஃபேஸ்தான் கைல கொடுக்கறாங்க, ஏன்னா வாய் திறந்தா லீக்னு யாரும் திரும்பி வந்து சண்டை போட மாட்டாங்கல்ல.

அளவெடுக்கற அட்டை எதுவும் கொடுக்கல. வீட்லயே அளக்க முடியுமா?

முடியும். ஒவ்வொரு மாடலுக்கும் அந்தக் கம்பெனியே ஒரு அளவு அட்டை வச்சிருக்கும், அவங்க சைட்ல இருந்து பிரிண்ட் எடுக்கலாம், ஆனா பிரிண்டர்ல நூறு சதவீதம் சைஸ்னு வச்சு எடுக்கணும், பேப்பருக்கு ஏத்த மாதிரி சுருக்கி எடுத்தா எல்லாம் போச்சு. எடுத்ததும் அதுல போட்டிருக்கற கோட்டு மேல ஸ்கேல் வச்சு ஒருதடவ சரிபாத்துடுங்க.

அட்டை இல்லேன்னா ஒரு மில்லிமீட்டர் ஸ்கேலும் கண்ணாடியும் போதும், கூட ஒரு ஆள் இருந்தா இன்னும் நல்லது. நேசல் மாஸ்க்குக்கு மூக்கு மடல் ரெண்டும் அகலமா இருக்கற இடத்துல இந்தக் கோடிலருந்து அந்தக் கோடி. ஃபுல் ஃபேஸ்க்கு ரெண்டு கண்ணுக்கும் நடுவுல மூக்கு தொடங்கற பள்ளத்துலருந்து கீழ் உதட்டுக்குக் கீழ இருக்கற பள்ளம் வரைக்கும், ஆனா வாயைக் கொஞ்சமா திறந்து வச்சுட்டு அளக்கணும், தூக்கத்துல தாடை தொங்கும்ல. நேசல் பில்லோவுக்கு ஸ்கேல் உதவாது, போட்டுத்தான் பாக்கணும்: குமிழ் துவாரத்தோட வாசல்ல உக்காந்து அடைக்கணும், உள்ள நுழைஞ்சு குத்துச்சுன்னா சின்னது, நிக்காம நழுவிட்டே இருந்தா பெருசு. ரெஸ்மெட் கம்பெனி பி10 மாதிரி சில மாடல்ல மூணு சைஸ் குமிழும் பெட்டிக்குள்ளயே வந்துடும், அந்த மாதிரி வாங்கினா தலைவலி இல்ல.

அளந்து பாத்தா ஸ்மாலுக்கும் மீடியமுக்கும் நட்ட நடுவுல நிக்குதுங்க.

ரெண்டையும் போட்டுப் பாக்காம முடிவு பண்ணாதீங்க. ஒண்ணுதான் கைல கிடைக்கும்னா நேசல்லயும் ஃபுல் ஃபேஸ்லயும் நான் சின்னதை எடுப்பேன், பெருசு எடுத்தா மேல் ஓரம் கண்ணு கிட்ட ஏறிடும், அப்புறம் காத்து கண்ணுக்குள்ளதான். பில்லோவுல மட்டும் பெருசு பக்கம் சாயலாம். ஒருதடவ பெட்டிய பிரிச்சுட்டா திருப்பி எடுக்க மாட்டோம்னு நிறைய கடைல சொல்வாங்க, அதனால காசு கொடுக்கறதுக்கு முன்னாடியே "குஷன் சைஸ் மட்டும் மாத்திக் கொடுப்பீங்களா"ன்னு (குஷன்னா முகத்துல படற சிலிக்கான் பாகம்) கேட்டு பில்லுலயே எழுதி வாங்கிடுங்க. ஃபிரேம் ஒண்ணு, குஷன் மூணு சைஸ்னு சேத்து வர்ற பாக்கெட்டும் உண்டு, இருந்தா அதை வாங்குங்க.

கடைல போட்டப்ப கச்சிதமா இருந்துச்சு, வீட்ல ராத்திரி ரெண்டு மணிக்கு சுய்ய்யுனு சத்தம். ஏமாத்திட்டாங்களா?

ஏமாத்தல, உக்கார வச்சு பாத்ததுதான் தப்பு. கொலுசுக்கு அளவு கொடுக்க வர்றவங்களைப் பாத்திருக்கேன், காலைல வந்தா ஒரு அளவு, நாள் பூரா நின்னுட்டு சாயந்திரம் வந்தா கால் வீங்கி வேற அளவு, அதே கால்தான். முகமும் அப்படித்தான். படுத்தா கன்னச் சதை காதுப் பக்கம் சரியும், தூக்கம் ஆழமா போகப் போக முகத் தசையெல்லாம் தளரும், தாடை இறங்கும். உக்காந்து பாத்த முகம் வேற, ரெண்டு மணிக்கு இருக்கற முகம் வேற.

அழுத்தமும் ஒரு காரணம். மெஷின் தொடங்கறப்ப ரேம்ப்னு கம்மியா 4-ல ஆரம்பிச்சு மெதுவா ஏறும். 4-ல ஒழுகாத மாஸ்க் 12-ல ஒழுகும். அதனால ஃபிட் பாக்கறப்ப கட்டில்ல படுத்து, உங்க தலகாணில, ரேம்ப் ஆஃப் பண்ணி, உங்களுக்கு எழுதியிருக்கற அழுத்தத்துல மெஷினை ஓட விட்டு, பட்டைய தளர்த்தி வச்சுட்டு கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். சில மெஷின்ல மாஸ்க் ஃபிட்னே ஒரு ஆப்ஷன் இருக்கும், அதை அமுக்கினா கூடுதல் அழுத்தத்துல கொஞ்ச நேரம் ஊதிக் காட்டும். மல்லாந்து, இடது, வலது, மூணு பக்கமும் திரும்பிப் பாருங்க. நல்ல டீலர்னா கடைல ஒரு பெஞ்சாவது போட்டிருப்பான், படுத்துப் பாக்கறேன்னு கேக்க வெக்கப்படாதீங்க.

ஸ்ட்ராப் எவ்ளோ டைட்டா போடணும்?

பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவுல ரெண்டு விரல் தாராளமா நுழையணும். அவ்ளோதான்.

இதை எழுதறது சுலபம், கேக்கறவங்கதான் நம்ப மாட்டாங்க. ஒழுகுதுன்னா குழாயை முறுக்கற பழக்கம் நமக்கு. ஆனா இந்த சிலிக்கான் குஷன் நிறைய மாடல்ல ரெண்டு அடுக்கா இருக்கும், வெளி அடுக்கு மெலிசு, உள்ள வர்ற காத்துலயே அது பலூன் மாதிரி உப்பி முகத்துல ஒட்டிக்கணும். இறுக்கினீங்கன்னா அந்த மெலிசு அடுக்கு நசுங்கி மடிஞ்சுடும், மடிப்பு வழியா காத்து போகும், நீங்க இன்னும் இறுக்குவீங்க, இன்னும் மடியும். லீக் வந்தா முதல்ல செய்ய வேண்டியது, மெஷின் ஓடறப்பவே மாஸ்க்கை முகத்துலருந்து முன்னாடி ஒரு இன்ச் இழுத்து, குஷன் உப்பினதும் மெல்ல திரும்ப வைக்கறது. பாதி லீக் இதுலயே நிக்கும். நிக்கலேன்னா மேல் பட்டை, கீழ் பட்டை ரெண்டையும் ரெண்டு பக்கமும் சமமா இருக்கான்னு பாருங்க, ஒரு பக்கம் கூட இழுத்தா மாஸ்க் கோணிக்கும். அதுக்கும் மேல பட்டைய இறுக்கித்தான் ஆகணும்னு வந்தா அது சைஸ் தப்புன்னு அர்த்தம்.

மூக்குத் தண்டுல புண்ணாயிடுச்சு. பஞ்சு வச்சுக்கலாமா?

காலைல கழட்டினதும் லேசா கோடு தெரியறது எல்லாருக்கும் இருக்கும், அரை மணி ஒரு மணில மறைஞ்சுடும். மறையாம செவப்பா நின்னாலோ தோல் உரிஞ்சாலோ அது அழுத்தப் புண்ணு, அதோட விளையாடாதீங்க, சுகர் இருக்கறவங்க உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க. பஞ்சு வச்சா அது வழியா ஒழுகும், அப்புறம் மறுபடி பட்டை இறுக்கம். இதுக்குன்னே மெலிசான துணி லைனர் வருது, அது பரவால்ல.

நான் செஞ்சது, புண்ணு ஆற்ற வரைக்கும் தண்டைத் தொடாத மாடலுக்கு மாறினேன், அப்புறம் திரும்பவே இல்ல.

கண்ணு காலைல எரியுது, செவந்து போகுது. மெஷின் சூடா?

இல்ல. மேல் ஓரத்துல லீக், காத்து ராத்திரி பூரா கண்ணுல அடிச்சு காய வைக்குது. பெரும்பாலும் மாஸ்க் பெருசா இருக்கும். நெத்தில முட்டு இருக்கற மாடல்னா அதை ஒரு பல்லு நகத்திப் பாருங்க.

மீசை இருக்கு. எடுத்தே ஆகணுமா? எங்க வீட்ல மீசைய எடுக்க விட மாட்டாங்க.

எடுக்க வேண்டாம். ஃபுல் ஃபேஸும் நேசலும் ரோமத்து மேல உக்காந்தா ஒழுகத்தான் செய்யும், மேல் உதட்டு ஓரம் ட்ரிம் பண்ணினா கொஞ்சம் அடங்கும். பில்லோ துவாரத்துலயே உக்கார்றதால பெரிய மீசைக்காரங்களுக்கு அதுதான் தோது. தாடியும் சேந்திருந்து வாயும் திறக்கும்னா கஷ்டம்தான், மூக்குக்கு அடியில நிக்கற ஃபுல் ஃபேஸ் போட்டு ஓரளவு சமாளிக்கலாம்.

அம்மா மூக்குத்தி கழட்ட மாட்டேன்றாங்க, ரெண்டு பக்கமும் போட்டிருக்காங்க. என்ன பண்றது?

இது எந்த கம்பெனி புக்குலயும் இல்லாத கேள்வி, ஆனா எனக்கு மாசத்துக்கு ரெண்டு தடவ வருது. பழைய வைர பேசரி, எட்டுக்கல்லு மாதிரி அகலமானதுன்னா நேசல் மாஸ்க் குஷனோட ஓரம் சரியா கல்லு மேல ஏறும், அங்க இடைவெளி விட்டு ஒழுகும், கல்லு முனை சிலிக்கானையும் கிழிக்கும். உள்பக்கம் திருகு நீளமா இருந்தா பில்லோ போடறப்ப குத்தும்.

அம்மாகிட்ட கழட்டச் சொல்லாம, ராத்திரிக்கு மட்டும் சின்ன ஒத்தக்கல்லு, உள்ள தட்டையா முடியற திருகு வச்சது மாத்திக்கச் சொல்லுங்க, எந்த ஆசாரியும் செஞ்சு கொடுப்பார். என் மாமியார் அதுக்கே ஒத்துக்கல, அவங்களுக்கு கடைசில மூக்குத்தி முழுசும் உள்ள அடங்கற ஃபுல் ஃபேஸ்தான் செட் ஆச்சு, குஷன் ஓரம் கன்னத்துல உக்காரும், மூக்கு மடலத் தொடாது. தலைக்கு எண்ணெய் வச்சுட்டு படுக்கறவங்களுக்கு ஒரு விஷயம், எண்ணெய் பட்டா ஹெட்கியர் (தலைல மாட்டற பட்டை) எலாஸ்டிக் சீக்கிரம் தொய்ஞ்சுடும், குளிச்சுட்டு எண்ணெய் வைக்கற நாள்ல ஒரு காட்டன் துணி கட்டிக்கிட்டு அதுக்கு மேல மாட்டலாம். கொண்டைய பின்னாடி நடுவுல போடாம மேல தூக்கியோ தளர ஜடையாவோ போட்டா பட்டை வழுக்காது.

வாய் திறந்து தூங்கறேன், காலைல நாக்கு காஞ்சு ஒட்டிக்குது. ஃபுல் ஃபேஸ்தான் வழியா?

அவசரப்படாதீங்க. வாய் ஏன் திறக்குதுன்னு முதல்ல பாருங்க. மூக்கு அடைச்சிருந்தா திறக்கும், அதுக்கு ஈஎன்டி டாக்டர். ஈரப்பதம் பத்தலேன்னா மூக்கு காஞ்சு அடைச்சுக்கும், ஹியூமிடிஃபையரை (காத்தை ஈரமாக்கற தண்ணித் தொட்டி) ஒரு பாயிண்ட் ஏத்திப் பாருங்க. தாடைய தாங்கற சின் ஸ்ட்ராப்னு ஒண்ணு இருக்கு, சிலபேருக்கு கேக்கும். எதுவும் கேக்கலேன்னா ஃபுல் ஃபேஸ். வாய்ல டேப் ஒட்டறது யூடியூப்ல ஓடுது, மூக்கு அடைப்பு இருக்கறவங்க டாக்டரைக் கேக்காம செய்ய வேண்டாம்.

அப்பாவுக்கு பல்செட். போட்டுட்டு அளக்கறதா, கழட்டிட்டா?

எப்படி தூங்குவாரோ அப்படி. ராத்திரி கழட்டி தண்ணில போட்டுட்டு தூங்கறவர்னா கழட்டிட்டுத்தான் அளக்கணும். பல்செட் இல்லாம தாடை மேல ஏறி முகம் குட்டையாயிடும், கன்னமும் உள்ள போயிடும், ஃபுல் ஃபேஸ்ல ஒரு சைஸே கூட குறையலாம். கடைக்கு பல்செட்டோட போயி அளவு கொடுத்துட்டு வந்த கேஸ் எனக்கே மூணு தெரியும்.

மாஸ்க் முன்னாடி குட்டி குட்டியா ஓட்டை, அதுல காத்து வருது. டேப் ஒட்டி அடைச்சுட்டேன், சரிதான?

உடனே பிரிங்க! அது லீக் இல்ல, நீங்க விடற மூச்சு வெளிய போற வழி. அடைச்சா விட்ட காத்தையே திரும்ப இழுப்பீங்க, கரியமில வாயு ஏறும். அந்த ஓட்டைல எப்பவும் காத்து வந்துட்டேதான் இருக்கணும். பக்கத்துல படுக்கறவங்க மேல அடிச்சா எல்போவை (மாஸ்க்ல டியூப் மாட்டற வளைஞ்ச மூட்டு) வேற பக்கம் திருப்புங்க.

பக்கத்து வீட்ல கோவிட் சமயத்துல ஐசியூல கொடுத்த மாஸ்க் புதுசா இருக்கு, அதையே போட்டுக்கலாமா?

மேல சொன்ன ஓட்டை அதுல இருக்கான்னு பாருங்க. ஆஸ்பத்திரி வென்டிலேட்டருக்கு வர்ற மாஸ்க் நிறையதுல ஓட்டையே இருக்காது, அவங்க மூச்சு வெளிய போறதுக்கு டியூப்ல தனியா வழி வச்சிருப்பாங்க. பொதுவா அதோட எல்போ நீல கலர்ல இருக்கும். அதை வீட்டு சிபாப்ல மாட்டறது ஆபத்து. சும்மா கிடைக்குதேன்னு வாங்காதீங்க. ஓட்டை உள்ள பழைய மாஸ்க்னா ஃபிரேமை கழுவி வச்சுக்கிட்டு குஷனும் ஹெட்கியரும் மட்டும் உங்க சைஸுக்குப் புதுசா போடுங்க.

மெஷின்ல லீக் 30-னு காட்டுது. இது ஜாஸ்தியா?

எந்த கம்பெனி மெஷின்னு பாக்கணும். ரெஸ்மெட் மெஷின் ஓட்டை வழியா போறதை கழிச்சுட்டு மீதிய மட்டும் காட்டும், அதுல நிமிஷத்துக்கு 24 லிட்டருக்கு மேல போனா ஜாஸ்தி. வேற சில மெஷின் எல்லாத்தையும் சேத்தே காட்டும், அங்க 30 சாதாரணமா இருக்கலாம். அதனால உங்க மச்சான் மெஷின் நம்பரையும் உங்க நம்பரையும் வச்சு போட்டி போடாதீங்க. லீக் நிறைய இருந்தா, அழுத்தத்தை தானா மாத்திக்கற ஆட்டோ மெஷின் உங்க மூச்சை சரியா கணிக்க முடியாது, அப்ப காலைல காட்டற மத்த நம்பரையும் நம்பக் கூடாது.

மூக்கு மாஸ்க்லருந்து ஃபுல் ஃபேஸுக்கு மாறினா மெஷின் செட்டிங்ல மாஸ்க் டைப்புன்னு இருக்கறதையும் மாத்துங்க, இதை முக்காவாசிப் பேர் மறந்துடறாங்க.

ஒருக்களிச்சுத்தான் தூக்கம் வரும். திரும்பினதும் மாஸ்க் விலகிடுது.

தலகாணிதான் தள்ளுது. தலகாணி ஓரத்துல, மாஸ்க் வெளிய நீட்டிட்டு இருக்கற மாதிரி படுங்க. உச்சந்தலைல டியூப் மாட்டற மாடல் திரும்பித் திரும்பிப் படுக்கறவங்களுக்கு நல்லது. நம்ம இலவம்பஞ்சுத் தலகாணிய ஓரத்துல குத்திப் பள்ளம் பண்ணிக்கலாம், ரப்பர் தலகாணில அது நடக்காது.

கரண்ட் போயிட்டா மூச்சு முட்டிடாதா?

மூக்கு மாஸ்க்னா வாயால இழுப்பீங்க, தானா முழிப்பும் வரும். ஃபுல் ஃபேஸ்ல காத்து நின்னதும் வெளிக்காத்து உள்ள வர்றதுக்கு ஒரு குட்டி வால்வு திறந்துக்கும். எல்போ உள்ள மெலிசா ஒரு மடல் தெரியும், கழுவறப்ப அது ஒட்டிக்காம ஆடுதான்னு பாத்துடுங்க. வீட்ல இன்வெர்ட்டர் இருந்தா அதுலயே மெஷின் ஓடும், ஹியூமிடிஃபையர் ஹீட்டரை ஆஃப் பண்ணினா ரொம்ப நேரம் தாங்கும்.

ஏற்காடு போறோம். மேல போனா மாஸ்க் சைஸ், பிரஷர் எதாவது மாறுமா?

சைஸ் மாறாது. எங்க அக்கா ஏற்காட்ல ஒண்டிக்கடை பக்கம் இருக்காங்க, வருஷத்துக்கு நாலு தடவ மெஷினோட இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கறவன் சொல்றேன். சேலம் 300 மீட்டருக்குள்ள, ஏற்காடு 1,500 மீட்டர். காத்தோட அடர்த்தி குறையும், இப்ப வர்ற மெஷின் தானாவே அதுக்கு ஏத்துக்கும், ரொம்பப் பழைய மெஷின்னா செட்டிங்ல உயரம் மாத்தணுமான்னு பாத்துக்கோங்க.

அங்க பிரச்னை குளிர். ஹியூமிடிஃபையர்லருந்து வர்ற ஈரக்காத்து சில்லுன்னு இருக்கற டியூப்ல பட்டு தண்ணியா மாறி, நடுராத்திரி மாஸ்க்குக்குள்ள களக் களக்னு சத்தம், திடீர்னு மூக்குல சொட்டும். முதல் தடவ மார்கழில போனப்ப தண்ணி கொட்டி எந்திரிச்சு உக்காந்தேன், குஷன் ஈரத்துல வழுக்கி லீக் வேற. ஈரப்பதத்தை ரெண்டு பாயிண்ட் குறைங்க, டியூப்பை போர்வைக்குள்ள விடுங்க இல்ல மேல ஒரு கம்பளித் துணி சுத்துங்க, மெஷினை கட்டிலுக்குக் கீழ் மட்டத்துல வைங்க, தண்ணி திரும்பி மெஷின் பக்கமே இறங்கிடும். சூடு பண்ற டியூப் இருந்தா இந்தக் கவலையே இல்ல. சேலத்துல சித்திரை வெயிலுக்கு நேர் எதிர், வேர்வைல குஷன் வழுக்கும், படுக்கறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டு முகம் கழுவி தொடச்சுட்டுத்தான் மாட்டணும், கிரீம் பவுடர் எதுவும் கூடாது.

மாட்டினாலே மூச்சு முட்டற மாதிரி பயமா இருக்கு.

முதல் வாரம் தூங்கறதுக்காக மாட்டாதீங்க. சாயந்திரம் சீரியல் பாக்கறப்ப மெஷின் இல்லாம வெறும் மாஸ்க் மட்டும் கையால புடிச்சு மூக்குல வைங்க, பட்டை வேண்டாம். அப்புறம் பட்டையோட. அப்புறம் மெஷின் ஆன் பண்ணி. ஃபுல் ஃபேஸ் போட்டு பயந்தவங்க பில்லோவுக்கு மாறினதும் சரியானதைப் பாத்திருக்கேன்.

எப்படி கழுவறது? டெட்டால் போடலாமா? எத்தனை மாசம் வரும்?

டெட்டால், ஸ்பிரிட் ரெண்டும் வேண்டாம், சிலிக்கான் கெட்டுப் போகும். குஷனை தினம் காலைல வெதுவெதுப்பான தண்ணி, குழந்தை ஷாம்பு ஒரு சொட்டு, நல்லா அலசி நிழல்ல காய வைங்க, மொட்டை மாடி வெயில்ல போடாதீங்க. தோல் அரிப்புன்னு வர்றவங்கள்ல நிறைய பேருக்கு சோப்பு சரியா அலசாம விட்டதுதான் காரணம். ஹெட்கியர் வாரம் ஒருதடவ. கழட்டறதுக்கு முன்னாடி பட்டை எந்த இடத்துல ஒட்டியிருக்குன்னு பேனாவால ஒரு கோடு போட்டுடுங்க, இல்லேன்னா ஒவ்வொரு வாரமும் புதுசா ஃபிட்டிங் பண்ணிட்டு இருக்கணும்.

வெளிநாட்ல இன்சூரன்ஸ்ல மாசாமாசம் குஷன் கொடுக்கறாங்க, நமக்கு கைக்காசு. குஷன் மஞ்சளாகி வழுவழுன்னு ஆனாலோ, ஓரம் தொய்ஞ்சு மடிஞ்சாலோ மாத்துங்க.

மாஸ்க்ல காந்த கிளிப் இருக்கு. வீட்டுக்காரருக்கு பேஸ்மேக்கர். மாஸ்க் போடறது நான்தான, பரவால்லதான?

பரவால்லன்னு விட்டுடாதீங்க. 2022-ல பிலிப்ஸும் 2023-ல ரெஸ்மெட்டும் இதுக்கு எச்சரிக்கை கொடுத்திருக்காங்க: பேஸ்மேக்கர், டீஃபிப்ரிலேட்டர், மூளைல வச்ச உலோக கிளிப், காதுல வச்ச காக்ளியர் மாதிரி உள்ள வச்ச கருவி இருக்கறவங்ககிட்டருந்து காந்தம் 6 இன்ச்சாவது தள்ளி இருக்கணும். போடறவங்களுக்கு மட்டும் இல்ல, பக்கத்துல படுக்கறவங்களுக்கும் சேத்துதான். தூக்கத்துல தலைய நெஞ்சு மேல வைக்க மாட்டோம்னு யாரால சொல்ல முடியும். காந்தம் இல்லாத மாடல் நிறைய இருக்கு, அதை வாங்குங்க, இருதய டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

மெஷின் ஒரு கம்பெனி, மாஸ்க் வேற கம்பெனி. செட் ஆகுமா?

ஆகும். டியூப் முனை 22 மில்லிமீட்டர்தான் எல்லாத்துலயும். ரெஸ்மெட் ஏர்மினி மாதிரி பயண மெஷினுக்கு மட்டும் தனி கனெக்டர்.

ரெண்டு வருஷம் நல்லா இருந்த மாஸ்க் இப்ப திடீர்னு ஒழுகுது. மெஷின் போச்சா?

குஷன் எப்ப மாத்தினீங்க? அது சரின்னா, எடை பாத்தீங்களா? எட்டு பத்து கிலோ இறங்கினா கன்னம் வத்தி சைஸ் மாறும், பல்லு எடுத்தாலும் மாறும் (பல்செட் கேள்வில சொன்னதுதான்). திரும்ப அளந்து பாருங்க. எடை நிறைய குறைஞ்சிருந்தா அழுத்தமே மாத்த வேண்டியிருக்கலாம், டாக்டர்கிட்ட போங்க.

எல்லாம் சரியா இருக்கு, ஆனா காலைல பாத்தா மாஸ்க் கட்டிலுக்கு அடில கிடக்கு. நான் எப்ப கழட்டினேன்னே தெரியல.

இதுக்குத்தான் நான் மெஷின் ரிப்போர்ட்டை பாக்கச் சொல்வேன், எத்தனை மணிக்கு ஓடறது நின்னுச்சுன்னு அதுல இருக்கும். தினம் மாட்டின ஒரு மணி நேரத்துலயே கழண்டா அநேகமா ஃபிட்டிங் உறுத்தல், மேல சொன்ன படுத்து அளவு பாக்கறதை திரும்ப செய்யுங்க. மூணு நாலு மணிக்கு மேலதான் கழண்டுதுன்னா, கழட்டறதுக்கு கொஞ்சம் முன்னாடி லீக் ஏறியிருக்கான்னு பாருங்க. ஏறியிருந்தா தாடை இறங்கி ஒழுகி அந்த எரிச்சல்ல கழட்டறீங்க. லீக்கே இல்லாம கழட்டினா அழுத்தம் கூடவோ குறையவோ இருக்கலாம், மூக்கு அடைச்சிருக்கலாம், அது மாஸ்க் கணக்கு இல்ல. ஒரு வார ரிப்போர்ட்டோட மெமரி கார்டு, மாஸ்க், ரெண்டையும் பையில போட்டுட்டு டாக்டர்கிட்ட போங்க. நிறைய பேர் மெஷினைத் தூக்கிட்டு போவாங்க, மாஸ்க்கை வீட்ல விட்டுட்டு.